கவர்னரின் மணிக்கூடு

1996 நவம்பர் 9, சனி

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து மகள் கவர்னரின் கடிதத் தொகுப்பைக் கொண்டுவந்தாள். நான்தான் தேடச் சொன்னேன். பிரபு வீட்டுப் பிள்ளை, குதிரைப்படைத் தளபதி, பிறகு இலங்கைக்குக் கவர்னர். என் பூட்டன் அவருடைய மொழிபெயர்ப்பாளர். போகும்போது அவர் பூட்டனுக்குக் கொடுத்த பொன் மணிக்கூடு இன்று கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சாமித்தட்டில் இருக்கிறது. கவர்னர் கப்பலேறிய கணத்தில் அது நின்றதாம். அதனால் பரம்பரையில் ஒருவரும் அதற்குச் சாவி கொடுத்ததில்லை.

மகள் வாசித்துவிட்டுத் தயங்கினாள்.

"அப்பா, இது கவர்னர் தன்ர மனுசிக்கு எழுதின லெட்டர். 'ஓடாத வாட்ச்சை மொழிபெயர்ப்பாளனுக்குக் குடுத்தன், அவன் அழுதிட்டான், நல்ல பகிடி' எண்டு எழுதியிருக்கிறார்."

"அது வேற ஆரும் ஆளாயிருக்கும்."

"இல்லையப்பா. பூட்டன்ர பேர் கிடக்கு."

துரையாம் துரை!

மணிக்கூட்டுக்குப் பூ வைக்கவா என்று மனைவி கேட்டாள்.

ஊரைவிட்டு வந்த அன்று, படகில் ஒரு பைக்குத்தான் இடம் என்றார்கள். அப்பாவின் ஒரே படம் இருந்த மற்றப் பையைக் கரையில் விட்டேன். மணிக்கூட்டை மடியில் கட்டிக்கொண்டேன்.

இப்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். அப்பாவின் முகம் வரவில்லை.