இடப்பக்கம் இழுத்த கார்

13 ஜூலை 1996, சனி

பிரேக் போட்டால் எங்கள் பழைய கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று ஒரு வாரமாக இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீ ஸ்டீயரிங்கச் சரியாப் புடிக்கறதில்ல அம்மணி" என்றார். இன்று காலை அவரே அவிநாசிக்கு ஓட்டிப் போனார். குறுக்கே ஒரு சைக்கிள் வர, பிரேக் போட்டதும் கார் சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தின் அருகே நின்றதாம். யாருக்கும் அடியில்லை.

வந்ததும் வாசலில் ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றினார். வலது சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்து, சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவெல்லாம் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் பிடிக்கவே இல்லை. இடது சக்கரம் மட்டும்தான் பிடித்திருக்கிறது. டவுனுக்குப் போய் கசிவை அடைக்கும் ரப்பரும் புது ஷூவும் வாங்கி வந்து மாட்டினார். பிரேக் ஆயில் குழாயில் புகுந்திருந்த காற்று போக நான்தான் பெடலை மிதித்தேன். "அமுக்கு", "விடு" தவிர வேறு பேச்சில்லை.

"ஏனுங்க, நாளைக்கு நான் வால்பாறை போகோணுமே, மலையில தாங்குமுங்களா?" என்று கேட்டேன்.

"நீயே ஓட்டிப் பாரு" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். தெருமுனையில் பிரேக் போட்டேன். நேராக நின்றது. "இன்னொருக்கா போடு" என்றார். மறுபடியும் போடச் சொன்னார்.

இறங்கும்போது, "நாளைக்கு நானும் கூட வாரேன்" என்றார். நம்பாதது என்னையா, தன் ரிப்பேரையா என்று நான் கேட்கவில்லை.