மாறுவதற்கு ஆகும் குறைந்த நேரம்

6 ஜூன் 1983, திங்கள்

காலையிலேயே வெயில். விளாங்குடி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வாங்க வேண்டும்: விளக்குமாறு, கறிவேப்பிலை, சாக்பீஸ்.

வியாழன் கருத்தரங்கு. கல்லூரி தந்த ஆராய்ச்சி விடுப்பு இந்த மாதம் பத்தொன்பதோடு சரி. பிறகு மறுபடி பாடம் நடத்த வேண்டும்.

ஆரம்பத்தை எளிதாகச் சொல்ல வேண்டும். அணுவையே கம்ப்யூட்டர் ஆக்கினால், கணக்கின் ஒவ்வொரு அடியிலும் அது ஒரு நிலையிலிருந்து முற்றிலும் வேறான நிலைக்கு மாற வேண்டும். அதற்குக் குறைந்தது எவ்வளவு நேரம்? அதைவிட வேகமாக எந்த இயந்திரமும் ஓடாது. பழைய முடிவு ஒன்று உண்டு: ஆற்றலின் பரவல் கூடக்கூட நேரம் குறையும். அதன்மேல்தான் என் வேலை முழுவதும்.

என் பிஎச்.டி. கைடு சாருக்கு இந்தத் தலைப்பில் இன்னும் மனமில்லை. “இப்படி ஒரு மெஷினை எவன் செய்யப் போறான்? பேசாம என் லேப் பக்கம் வந்துரும்மா.”

வரமாட்டேன்.

9 ஜூன், வியாழன்

கரண்ட் இல்லை. வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நன்றாகவே பேசினேன், கடைசி வரை. அப்புறம் வெளியூர்ப் பேராசிரியர் எழுந்தார்.

“நிலையில கொஞ்சூண்டு பங்கை மட்டும் ரொம்ப உயரத்துல இருக்கிற ஆற்றல் மட்டத்துல வைங்க. சராசரி ஆற்றல் ஏறாது. பரவல் எம்புட்டு வேணும்னாலும் ஏறும். அப்ப வேகத்துக்கு எல்லை எங்கம்மா?”

கையில் சாக்பீஸோடு நின்றேன். எல்லாரும் கரும்பலகையையே பார்த்தார்கள்.

கைடு வராந்தாவில்: “இருபதுக்குள்ள வேற தலைப்பு சொல்லிரு.”

வீட்டில் அழவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

11 ஜூன், சனி

என் வீட்டுக்காரர் மதியம் சாப்பிடப் போனதால் எங்கள் காளவாசல் பெயிண்ட் கடையில் கல்லாவில் நான். கூட்டமில்லை. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அந்தப் பேராசிரியர் சொன்னதையே போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் உச்சியில், மிச்சமெல்லாம் அடியில்.

மாறவே இல்லை! நிலை லேசாக ஆடுகிறது, அம்புட்டுத்தான். ஒரே மட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தால், மற்ற எல்லாம் சேர்ந்து எதிர்த்தாலும் அதை அழிக்க முடியாது. முழுதாக மாற வேண்டுமானால் பாதியாவது மேலே ஏற வேண்டும். ஏறினால் சராசரியும் ஏறும். எல்லை இருக்கிறது. பரவலில் மட்டுமில்லை, சராசரியிலும்!

ஒருவர் வந்து அரை லிட்டர் நீலம் கேட்டார். பச்சையைக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து சத்தம் போட்டார். அதற்குள் சாப்பிட்டு வந்த இவர் சிரித்தார். “ஒன்னைய கடையில உக்கார வச்சது என் தப்பு.”

14 ஜூன், செவ்வாய்

மூன்று மட்டங்களுக்கு நிரூபித்தாயிற்று. சராசரி ஆற்றல் இவ்வளவு என்றால் இதைவிடக் குறைந்த நேரத்தில் மாற முடியாது. கூடப் படிக்கும் முருகேசன் வரிவரியாகப் பார்த்தான். “சரியாத்தான்க்கா இருக்கு. ஆனா மூணுக்குத்தான?”

ஆமாம். மூன்றுக்குத்தான்.

புளி தீர்ந்துவிட்டது.

16 ஜூன், வியாழன்

கைடு முழுதும் படித்தார். நேரமாயிற்று. டீ ஆறிப்போனது.

“அவர் கேட்டதுக்கு இது பதில்தான். ஆனா மூணு மட்டத்தை வச்சு தீசிஸ் எழுத முடியாதும்மா.”

“எல்லா மட்டத்துக்கும் போடுறேன் சார்.”

“திங்கக்கிழமை காலேஜுக்குப் போயிருவ. நேரம் எங்க இருக்கு?”

“பார்த்துக்கிறேன் சார். தலைப்பை மாத்தல.”

தாள்களை அடுக்கி என்னிடம் தந்தார். பிறகு, “பார்ட் டைமா மாத்திக்க. கையெழுத்துப் போடுறேன். எப்ப முடியும்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத, நான் நம்ப மாட்டேன்.”

இவரிடம் சொன்னேன். “அப்ப ஞாயித்துக்கிழமையும் நாந்தான் சமையலா?” என்றார். ஆமாம் என்றேன்.

20 ஜூன், திங்கள்

கல்லூரி திறந்தது. மேற்கிலிருந்து புழுதிக் காற்று. முதல் வகுப்பில் தொண்டை கட்டிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் கேட்டார்கள், தீசிஸ் முடிஞ்சிருச்சா என்று. இல்லை என்றேன், கூச்சமில்லாமல்.

மூன்றாம் பீரியட் ஓய்வு. நான்கு மட்டங்கள். நான்காவதை எங்கே நகர்த்தினாலும் நேரம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கவில்லை. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. மணி அடிக்கிறது.