மை குறைவு

மார்ச் 14, காலை 9.10

நிலவின் தென்துருவம், பனிச்சுரங்க நிலையம். எழுதுவது அமலோற்பவம், கருவிப் பொறுப்பாளர். காற்றழுத்தம் சீர். தண்ணீர் போதும். பணிமாற்றக் கலம் வரும்வரை நிலையத்தில் நான் ஒருத்திதான். ஹமீது அண்ணன் பெரிய பள்ளத்துக்குள் இருக்கும் துளைக் கூடத்தில் பனியைக் குடைந்துகொண்டிருக்கிறார். உலாவண்டியில் போனால் ஒரு மணி நேரம்.

இன்றைய வேலை மின்னஞ்சல். சென்னைத் தலைமையகம் நேற்று அஞ்சல் விதிகளை மாற்றியது. அதோடு இங்குள்ள கருவிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன: பிரிண்டர், காற்றுமானிகள், கூடத்து மானி, எல்லாமே.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே ஆபத்து என்றால் மணி அடிக்காது. கருவி சென்னைக்கு மின்னஞ்சல் அனுப்பும். அங்கே ஒருவர் அதைப் படித்து, ஆபத்தில் இருப்பவரின் மணிக்கட்டுப் பட்டையை அதிரவைப்பார். முன்பு கூடத்தில் ஒரு சங்கு இருந்தது. காணொலிக் கூட்டத்தில் இரைச்சலாக இருக்கிறதென்று இயக்குநர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

காலை 10.25

உதவி மையத்தில் பிரதீபன் என்றொரு பையன். உரையாடலை அப்படியே பதிகிறேன்.

"மேடம், பழைய பாஸ்வேர்டு இனிமே எடுக்காது. ஒவ்வொரு டிவைசுக்கும் போன்ல ஒரு நம்பர் வரும். அந்த டிவைஸ்லயே அதை டைப் பண்ணணும்."

"காத்துமானிக்குக் கையா இருக்கு, டைப் பண்ண?"

"அது பாலிசி மேடம்."

"பாலிசி போட்டவரு காத்துமானிய ஒரு தடவயாவது பாத்திருக்காராய்யா?"

"வேணும்னா ரிலே போட்டுக்கங்க. எல்லா டிவைசும் அதுக்கு அனுப்பும், அது எங்களுக்கு அனுப்பும். ஆனா மொதல்ல பிரிண்டர் மேடம். டைரக்டர் ஆபீஸ்ல ஸ்கேன் வரலன்னு கத்துறாங்க."

மூச்சுக்காற்றை அளக்கும் கருவி காத்திருக்க, காகிதம் துப்பும் பெட்டிக்கு முதல் மரியாதை. ஆனாலும் செய்கிறேன்.

பகல் 1.40

பழைய கணினி ஒன்றை அஞ்சல் ரிலேவாக மாற்றினேன். பிரிண்டரை இணைத்தேன். சோதனை அஞ்சல் போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து கைதட்டும் பொம்மைப் படம் ஒன்று பதிலாக வந்தது. பிறகுதான் காற்றுமானிகளை இணைக்க விட்டார்கள். கடைசியாகக் கூடத்து மானி. எல்லாம் அனுப்புகின்றன.

ஹமீது அண்ணன் கூப்பிட்டார்.

"என்ன தங்கச்சி, ஒங்க பிரிண்டரு வாயத் தொறந்துட்டுதா? நாம கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காது. அது முனங்குனா அத்தன பேரும் ஓடி வாரான்."

"சாப்டீங்களா அண்ணே?"

"எறங்கல. தல கிறுகிறுன்னு வருது. செத்த படுத்து எந்திச்சா சரியாப் போவும்."

இரண்டு வேளை வேலையைச் சேர்த்துப் பார்த்த களைப்பு என்று நினைத்தேன்.

மாலை 4.05

பிரிண்டர் கிறுக்குப் பிடித்து ஆடுகிறது. "மை குறைவு" என்று விடாமல் சென்னைக்கு அஞ்சல் அனுப்பியிருக்கிறது. மை நிறைய இருக்கிறது. உணரிதான் கெட்டுவிட்டது. ஆயிரக்கணக்கில் போனதும், சென்னையின் குப்பை வடிகட்டி எங்கள் நிலையத்தின் முகவரியையே குப்பை என்று முத்திரை குத்திவிட்டது. இப்போது இங்கிருந்து எது போனாலும் திரும்பி வருகிறது.

பிரிண்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, ரிலேயில் தேங்கிக் கிடந்ததைப் புரட்டினேன். மை குறைவு. மை குறைவு. மை குறைவு. நடுவில் ஒன்று:

"துளைக் கூடம். கரியமில வாயு மிகுதி. உடனே எழுப்பவும்."

அதுவும் குப்பை என்று திரும்பியிருந்தது. அதன் கீழே அதேபோல் இன்னும் பல.

அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

மாலை 4.15

"பிரதீபா, ஹமீது அண்ணன் பட்டைய அதிர வையி. இப்பவே."

"அலாரம் மெயில் எங்க இன்பாக்ஸ்ல இருந்தாத்தான் மேடம் அந்த பட்டனே எனக்குத் தெரியும்."

"நான் வாயால சொல்றேன். அங்க ஒரு மனுசன் மூச்சுமுட்டிக் கெடக்காரு."

"புரியுது மேடம். ஃபில்டர் டீமுக்கு ஒரு கம்ப்ளைண்ட் போட்டு..."

இணைப்பைத் துண்டித்தேன். தனியாக வண்டி எடுக்கக் கூடாதென்பது விதி. வண்டியை எடுக்கிறேன். இனி இந்தக் குறிப்பைத் தலைக்கவசத்தில் பேசிப் பதிகிறேன். எழுத்தாகத் தானே மாறிக்கொள்ளும்.

மாலை 4.50

பள்ளத்தின் சரிவு. சக்கரம் வழுக்குகிறது. வாயெல்லாம் கசக்கிறது. யார்மேல் காறித் துப்புவதென்று தெரியவில்லை. கவசத்துக்குள் துப்பவும் முடியாது. ஹமீது அண்ணன் மனைவி சித்தி ஜெய்னப் போன வாரம் பிறந்த பேத்தியின் படத்தை அனுப்பியிருந்தார். அதைக் காட்டி, மூக்கு தன்னுடையதென்று சண்டைபோட்டார் மனுசன். நான்தான் அவர் மானியை அந்தப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினேன். சொன்னார்கள், செய்தேன்.

மாலை 5.20

உள்ளே வந்துவிட்டேன். உயிர் இருக்கிறது. நினைவில்லை. உதடு நீலம். துளைப்புத் தூசி காற்று வடிகட்டியை அடைத்துக் கிடந்தது. தட்டிச் சுத்தம் செய்து மாட்டினேன். விசிறி ஓடுகிறது. என் பிராணவாயுக் குழாயை அவர் முகத்தில் பொருத்தினேன்.

மாலை 5.35

வாயு அளவு இறங்குகிறது. விரல் அசைந்தது. "தண்ணி" என்று முனகினார். நான் அழுதேன் என்பதையும் பதிந்துகொள்ளட்டும்.

மாலை 5.50

பிரதீபன்.

"மேடம்! ஃபில்டர் டீம் ஹெட்டு வீட்டுக்கே போன் போட்டு, சண்டை போட்டுத் திறக்க வச்சிட்டேன். தேங்கின மெயில் எல்லாம் வந்துட்டிருக்கு!"

"இனி எதுக்குய்யா? நான் இங்க வந்துட்டேன். அண்ணன் பொழச்சிட்டாரு."

விசைகள் தட்டும் சத்தம் மட்டும்.

"பிரதீபா?"

"மேடம்... ஏகப்பட்ட அலாரம் ஒரே நேரத்துல வந்திருக்கு. எதுக்கும் யாரும் பதில் போடலைன்னு சிஸ்டம் பார்த்திருக்கு. கூடத்துல யாரும் உயிரோட இல்லன்னு முடிவு பண்ணிடுச்சு. கரண்டை நிறுத்த ஆர்டர் போயிடுச்சு."

"ரத்து பண்ணு."

"கூடத்து டிவைஸ்லேர்ந்து ஒரு மெயில் வந்தாத்தான் ரத்தாகும் மேடம். ப்ளீஸ், சீக்கிரம் அனுப்புங்க."

மாலை 5.55

அனுப்பிவிட்டேன். "இருவரும் உயிரோடு இருக்கிறோம்." ரிலே வாங்கிக்கொண்டது. வந்த வரிசைப்படிதான் அனுப்பும். முன்னால் பிரிண்டரின் அஞ்சல்கள்.

"வந்துச்சா?"

"இல்ல மேடம். மை குறைவுன்னுதான் வருது."

மாலை 6.02

மின்சாரம் போனால் கதவும் திறக்காது. அதற்குள் வண்டிக்குக் கொண்டுபோக, அண்ணனுக்கு விண்வெளி உடையை மாட்டிக்கொண்டிருக்கிறேன். கனமான மனுசன். கால்கள் நுழைந்துவிட்டன.

"வந்துச்சா?"

"மை குறைவு மேடம்."

பையன் அழுகிறான்.

மாலை 6.06

வலது கை நுழைந்துவிட்டது. விசிறி நின்றது.

"மேடம், இன்னும் மை குறைவுதான்... மேடம், கேக்குதா?"

விளக்கு போய்விட்டது. இருட்டில் அவருடைய இடது கையைத் தேடுகிறேன். அண்ணே, கைய நீட்டுங்க. கைய நீ