தட்டித் தணித்த கோபம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். பெரியவளுக்குச் சளி விட்டுவிட்டது. உன் நலம் கேட்க இன்று மனம் வரவில்லை, பிறகு கேட்கிறேன். போனில் பேசினால் நீ என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் சலவைக்கூடத்தில் ரேடியோவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். வாய் ஓயாதவள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது அவளுக்கும் எனக்கும் வேலை. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நிற்கிறது என்று மேற்பார்வையாளர் அதைக் கம்பியால் கட்டிவைத்தார். இரண்டு முறை சொன்னோம். "பாத்து வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது" என்றார். ரேடியோவின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் இருக்கிறது.

அதன் பிறகு எங்களுக்கு வேலை ஓடவில்லை. உருளைச் சத்தம் கேட்டாலே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மன ஆறுதலுக்கு யாரையாவது ஏற்பாடு செய்யலாமா என்று மேலாளர் கேட்டபோது, உன்னையும் உன் தட்டுதல் சிகிச்சையையும் சொன்னது நான்தான். பெருமையாகவே சொன்னேன். அம்மா போனபோது புருவத்திலும் கண்ணுக்குக் கீழும் விரலால் தட்டச் சொல்லி, நீ என்னைத் தூங்கவைத்தாயே. அது பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன்.

நீ அனுப்பிய ஒலிப்பதிவைச் சாப்பாட்டு அறையில் போட்டார்கள். பதினோரு பெண்கள் உட்கார்ந்து தட்டினோம். "எனக்குக் கோபம் இருந்தாலும் என்னை நான் முழுசா ஏத்துக்கறேன்" என்று உன் குரலோடு சேர்ந்து சொன்னோம். அழுதோம். உடம்பு லேசானது. அப்புறம், "இது யாரோட தப்பும் இல்ல, நான் விட்டுடறேன்" என்றாய். அதையும் சொன்னோம்.

உடனே மேலாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது. விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கோபம் வரவில்லையடி. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

மறுநாள் ரேடியோவைப் பார்க்கப் போனேன். "நீயும் போட்டியாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்போது வந்த கோபம் இன்னும் இருக்கிறது. அதைத் தட்டிப் போக்க மாட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், கம்பி கட்டியதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் சலவைக்கூட வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அத்தான், "போனா போவுது, விடு" என்கிறார். ஆனால் சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைக்கிறார்.

"யாரோட தப்பும் இல்ல" என்ற வரியைச் சேர்த்தது யார், பதிவில் பேசிய நீயா மேலாளரா என்று விசாரணை அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். ஆனால் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்த வரிக்கு முன்னால் உன் குரல் கொஞ்சம் தயங்குகிறது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அடுத்த விசாரணை. அந்த வரியை யார் சேர்க்கச் சொன்னார்கள் என்று நீயே வந்து சொல்லிவிடு. அதனால் உன் தொழில் கெட்டால், இந்த வீட்டில் உனக்கு இடம் உண்டு. வராவிட்டாலும் நீ நன்றாகவே இரு. ஆனால் "தெரியாம சொல்லிட்டேன்க்கா" என்று மட்டும் எழுதிவிடாதே. நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
கோபத்தோடும் அன்போடும்
உன் அக்கா