வெறும் தண்ணீர்ச் சோதனை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. போனில் பேசினால் சண்டை வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும் என்று நீதான் உன் மாப்பிள்ளையை, என் வீட்டுக்காரரை, கூப்பிட்டாய். பிறகு, ஈரல் நோயாளிகளிடம் நீ கண்டுபிடித்த புது வைரஸ் அவரிடமும் இருக்கிறது, எப்படிப் பரவும் என்று தெரியும்வரை குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றாய். இன்றோடு நாற்பத்தோரு நாள். தனி அறை, தனித் தட்டு. பாப்பா முதல்முறை குப்புறப் புரண்டதைக் கதவிடுக்கில்தான் பார்த்தார். "நல்லா பார்த்தீங்களா?" என்றேன். "தலை மட்டும் தெரிஞ்சுது" என்றார்.

அவருக்கு நிஜமாகவே இருக்கிறதா, இல்லையா? ஆராய்ச்சி நடக்கிறது என்று மட்டும் எழுதாதே. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

உன் தங்கை

மார்ச் 19

அன்புத் தங்கச்சிக்கு,

இல்லை. மாப்பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. பதினோரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் கூரியர்.

வைரஸ் ஆராய்ச்சி மாநாட்டில் ஒரு அம்மாள் என்னோடு மல்லுக்கு நின்றார். "மரபணுத் துண்டு கிடைச்சா அது வைரஸ் ஆயிடுமா? உயிருள்ள செல்லுல வளர்த்துக் காட்டுங்க" என்றார். எங்கள் துறையே இதில் இரண்டு கட்சி. இப்போதைய கருவிகள் துளியிலும் துளியைக்கூடப் பிடித்துவிடும். பிடித்ததையெல்லாம் புது வைரஸ் என்று அறிவிக்கலாமா என்று ஒரே அடிதடி. நான் அறிவிக்கும் கட்சி. வளர்த்துப் பார்த்தேன், வளரவில்லை. அப்போதும் செல்லைத்தான் குறை சொன்னேன்.

கடைசியில் வீம்புக்கு, ரத்தத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி, முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். தண்ணீரிலும் அதே வைரஸ்! மரபணுவைப் பிரித்தெடுக்கும் குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. அந்தத் துண்டு தயாரித்த இடத்திலிருந்தே அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர்ச் சோதனை எப்போதும் செய்வோம்தான். ஆனால் வடிகட்டி வீணாகுமே என்று, தண்ணீரை வடிகட்டி வழியாக விடாமல் கடைசிப் படியில்தான் சேர்ப்போம். பத்து வருஷப் பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

இந்த வைரஸைப் பற்றி நான் வெளியிட்ட கட்டுரையை வாபஸ் வாங்கப்போகிறேன். எங்கள் ஆய்வகத் தலைவருக்கே இன்னும் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன்

மார்ச் 23

அண்ணா,

முதல் வரியோடு ஓடிவிட்டேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லையாம்!" என்று கதவைத் தட்டினேன். அவர் நம்பவில்லை. "உங்க அண்ணன் நாளைக்கு மாத்திச் சொன்னா?" என்றார். கடிதத்தையே கையில் கொடுத்தேன்.

நின்றபடியே இரண்டு முறை படித்தார். "தப்பு தன்னோடதுன்னு எழுதியிருக்காரே. அப்போ இது நிஜம்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். பாப்பா புது ஆளைப் பார்த்த மாதிரி வீறிட்டாள். அவர் சிரிக்கிறார், நான் அழுகிறேன். அப்பாடா, எனக்கு உயிர் வந்தது அண்ணா.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேரில் வா, திட்டித் தீர்க்க வேண்டும். கட்டுரையைத் தைரியமாக வாபஸ் வாங்கச் சொன்னார். "நீங்களே ஒரு வரி எழுதுங்களேன்" என்று பேனாவை நீட்டினேன். பாப்பாவைக் கீழே விட்டால்தானே!

உன் தங்கை