றோட்ஸ் தீவுக்கு நான் வராத காரணம்

டோஸ்ட்ருப், டென்மார்க்
9 யூலை 2009

என் அன்புக்குரிய உமக்கு,

நீரும் உம்முடைய சிநேகிதி கிருபாமலர் குடும்பமும் றோட்ஸ் தீவில் சுகமாக இருப்பீர்கள். அயன் பெட்டியை நிறுத்த மறந்துவிட்டேன் என்று விமான நிலையத்திலிருந்து நான் திரும்பி ஓடியது பொய். அதை முதல்நாளே நிறுத்தி, வயரைச் சுற்றி, அலுமாரியில் வைத்துவிட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

மே மாதம் வன்னியில் சண்டை முடிந்ததிலிருந்து தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லையே. அவனுக்குத் தெரிந்த ஒரே இலக்கம் எங்கள் வீட்டுத் தொலைபேசி. உண்மையைச் சொன்னால் நீரும் பயணத்தை நிறுத்திவிடுவீர் என்று பயந்தேன்.

நேற்றுக் காலை தொலைபேசி அடித்தது. தலையில் நுரையோடு ஓடிப்போய் எடுத்தேன்.

"அண்ணை, எடுக்க ஏன் இவ்வளவு நேரம்?" என்று தம்பி ஏசினான். முகாமில் யாரிடமோ இரவல் வாங்கிய போன். அவனும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள்.

"குளிச்சுக்கொண்டு நிண்டனான்."

"அண்ணி எங்கை?"

வேலைக்குப் போய்விட்டா என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"அண்ணி கிரேக்கத்திலை. கடலிலை குளிக்கிறா."

"நல்ல குடும்பம்! நாங்கள் இங்கை ஒரு வாளித் தண்ணிக்கு லைனிலை நிக்கிறம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகுதான் அவன் சிரிப்பது கேட்டது.

"என்ரை பங்குக்கும் ஒருக்கால் முழுகச் சொல்லுங்கோ அண்ணை."

அவன் மறுபடி எடுக்கலாம் என்பதால் லைனை மறிக்காமல் கடிதம் எழுதுகிறேன். இது கிடைத்த அன்று நீர் இரண்டு முறை முழுக வேண்டும். இரண்டாவது முறை அவசரப்படாதேயும்.

தொலைபேசிக்குப் பக்கத்திலிருந்து,
உம்முடையவன்