வரைபடத்தில் இருந்த வண்டிப்பாதை

அண்ணி,

இன்று காலை பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் சத்துணவுக் கூடத்து வாசலிலேயே டர்பென்டைன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டார்கள். உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்த நான் படியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். "என்னங்கக்கா, மயக்கமா வருதா?" என்று கேட்டாள் சமையல் உதவிக்கு இருக்கும் பெண். இல்லையென்று தலையாட்டினேன். உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது நகக்கண்ணில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்டை இதைத் தொட்டுத்தான் துடைத்தேன். முழுக்கப் போகவில்லை. அப்படியேதான் அனுப்பினோம்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு நான் வந்தபோது, "அதோ போறாங்களே தபால்காரம்மா, அவங்கதான் உன் நாத்தனா" என்று யாரோ தெருவில் காட்டினார்கள். தோளில் பை, காலில் ரப்பர் செருப்பு. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த ஊருக்கே திரும்பி வந்து, தபாலாபீஸ் வேலையை வாங்கிக்கொண்டு, தம்பி வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனியாக இருந்தீர்கள். சுற்றியிருக்கும் ஐந்து குக்கிராமங்களுக்கும் நடந்தே கடிதம் கொண்டுபோனீர்கள். ஏரி மதகில் எழுத்து வெட்டிய கல் இருப்பதும், ஓடைக்கரையில் நத்தை சுருண்ட மாதிரிக் கற்கள் கிடப்பதும், முந்திரித் தோப்புக்குள் தலையில்லாத சிலையொன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதும் உங்கள் காலுக்குத்தான் முதலில் தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அந்த நத்தைகள் அந்தக் கடலில் வாழ்ந்தவை என்று அரியலூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் சொன்னபோது, ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தீர்கள். நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த மாதமே ஓடைக்கற்களை யாரோ டிராக்டரில் அள்ளிப்போய் வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டிவிட்டார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. "பத்துப் பேரு நடந்து வந்து பாக்குற எடத்துல எவனும் கை வைக்க மாட்டான்டி" என்றீர்கள். நடைபாதை யோசனை அங்கேதான் பிறந்தது. மதகில் தொடங்கி, ஓடை வழியாகத் தோப்புச் சிலை வரைக்கும் வெளியூர்க்காரர்களை நம் ஊர்ப் பிள்ளைகளே அழைத்துப்போய்க் காட்டுவது. வழியெல்லாம் கல்லில் மஞ்சள் அம்புக்குறி. ஊரும் உற்சாகமாகத்தான் இருந்தது, கிராமசபையில் நீங்கள் ஊரின் பழைய நில அளவை வரைபடத்தை விரிக்கும் வரை.

ஓடையிலிருந்து தோப்புக்குப் போக ஒரு வண்டிப்பாதை இருந்ததாக அதில் கோடு போட்டிருந்தது. கோடு நம் மக்காச்சோளக் காட்டின் நடுவே போனது.

"அது நம்ம அப்பா காலத்துலயே தூந்து போச்சுக்கா" என்றார் உங்கள் தம்பி.

"அதுவாத் தூந்துச்சா? நீங்க ஏர் ஓட்டித் தூத்தது அது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "இன்னைக்கிப் பாதை கேக்குது. நாளைக்கிப் பங்கு கேக்கும். பாத்துக்கிட்டே இரு" என்றார். பங்கு கேட்க உங்களுக்கு உரிமை இருந்தது என்பது எனக்குத் தெரியும். இருபது வருடமாக நீங்கள் அந்தப் பேச்சை வாயால் எடுத்ததில்லை என்பதும் தெரியும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன்.

மறுநாள் சத்துணவுக் கூடத்துக்கே வந்துவிட்டீர்கள். "நீயாவது அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். ரெண்டு ஆள் நடக்குற அகலம் போதும்."

சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளுக்குப் பயந்துகொண்டு நான் சொன்னேன்: "எதுக்குண்ணி வம்பு? ரோட்டோரமாப் போனா என்ன? அரை கிலோமீட்டர்தானே."

அது எந்த ரோடு என்று எனக்குத் தெரியாதா? சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஒன்றையொன்று விரட்டும் ரோடு. இரண்டு பக்கமும் கருவேல மரங்கள் சுண்ணாம்புத் தூசி படிந்து வெள்ளையாய் நிற்கும். நம் பிள்ளைகளைத் தனியாக அந்தப் பக்கம் போகாதே என்று நானே திட்டியிருக்கிறேன்.

நீங்கள் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி, அப்டியே போவோம். பாத தொறக்குறதுக்குள்ள கல்லு காணாமப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

முதல் நடைக்கு முந்திய நாள். ரோட்டு வளைவில் ஒரு அம்புக்குறி பாக்கி. துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கென்று பள்ளிக்கு முட்டை வந்து இறங்கியது. எண்ணி வாங்கிவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். மைல்கல்லுக்கு எதிரே, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். வளைவில் வந்த லாரி எதிரே வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கித் தாரை விட்டு இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டுக் காட்டிலிருந்து முதலில் ஓடியவர் உங்கள் தம்பிதான். நான் போனபோது உங்களை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியில் மஞ்சளும் சிவப்பும். "அக்கா, பாதைய எடுத்துக்கக்கா, எடுத்துக்கக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் ஜெயங்கொண்டம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி கழிந்த மறுநாள் அவரே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனார். விளைந்து நின்ற சோளத்தை இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டிச் சாய்த்தார். யாரையும் கூட வரவிடவில்லை.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு ஆட்கள் வருகிறார்கள், அண்ணி. திருச்சியிலிருந்து, தஞ்சாவூரிலிருந்துகூட வருகிறார்கள். ஓடைக்கல்லை யாரும் அள்ளுவதில்லை. நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. ஆனால் காட்டு முகப்பில் ஊர்க்காரர்கள் ஒரு பலகை வைத்தார்கள். "பாதைக்கு நிலம் வழங்கிய நல்லுள்ளம்" என்று போட்டு உங்கள் தம்பியின் பெயர். உங்கள் பெயரைப் போடக் கேட்டபோது, செத்தவங்க பெயரைப் பார்த்தால் வருகிறவர்களுக்குச் சங்கடம் என்றார்கள். அவர் அந்தப் பலகையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். எடுக்கச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகளோடு வழிகாட்டிக்கொண்டு நானும் போகிறேன். போன ஞாயிறு ஒரு டீச்சர் அந்தப் பலகையின் முன்னால் நின்று, "இந்தக் காலத்துல யாருங்க சும்மா நெலம் குடுப்பாங்க, பெரிய மனசு" என்றார். உங்கள் தம்பி பத்தடி தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"யாரும் குடுக்கலைங்க. இது ஊர்ப் பாதை. நாங்க மறிச்சு வெச்சிருந்தோம். கேட்டவங்கள ரோட்டோரமாப் போகச் சொன்னது நான். அங்க லாரி அடிச்சிடுச்சு" என்றேன்.

டீச்சர் பக்கத்திலிருந்த குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் தம்பி நிமிர்ந்து பார்த்தார், பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்து கேட்டார்: "அடுத்த தடவையும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"என்னையும் சேத்தே சொல்லு" என்றார்.

வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை, அண்ணி. சொன்னதிலிருந்து, பையை மாட்டிக்கொண்டு நீங்கள் திரும்பிப் போகிற முதுகுதான் தெரிகிறது. ஆனால் இனிமேல் அதைச் சொல்லாமல் அந்தக் காட்டைத் தாண்ட எனக்குக் கால் எழாது.